முத்தும் சங்கும் புழுவும்

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் வழியாகக் கிழக்கே பயணம் செய்கிறவர், பருத்தியும் கம்பும் உளுந்தும் மாறி மாறி விளைகிற, கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற கரிசல் மண்ணின் வாசனை மூக்கைவிட்டு அகலுமுன்பே கடல்மணலில் கால் வைத்துவிடலாம். சாத்தூர்ப் பக்கத்தில் பெரும்பாலான மாதங்களுக்கு வெறும் மணலாகக் கிடக்கும் வைப்பாறு, மழை கண்ட வருஷங்களில் மட்டும் நீர் சுமந்துவந்து மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அந்த இடத்துக்கு அருகே இருக்கும் மீனவக் கிராமத்துக்குச் சிப்பிகுளம் என்று பெயர். வானம் பார்த்த பூமிக்காரன் நாள்தோறும் நினைக்கிற குளமும், கடற்காரன் நாள்தோறும் நினைக்கிற சிப்பியும் ஒரே பெயரில் கூடியிருக்கும் இந்த ஊர் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அதற்கு அப்பால் உள்ள நீருக்குள் வாழும் ஜீவராசிகளைப் பற்றிக் கரிசல்காட்டில் நாங்கள் அறிந்திருப்பது மிகச் சொற்பம்.

எங்கள் வீடுகளுக்குக் கடல் வந்து சேர்ந்ததெல்லாம் ஓடாகத்தான். பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டிய சங்கு, பொழுதுபோகாத மத்தியானங்களில் தாயம் உருட்டிய சோழி, தாத்தாவின் வெற்றிலைக்குத் தடவிய சிப்பிச் சுண்ணாம்பு, மாட்டுப் பொங்கலன்று காளையின் நெற்றியில் கட்டிய சோழிப்பட்டை, நாட்டு மருந்துக் கடைக்காரர் கடல்நுரை என்று சொல்லிப் பொட்டலம் கட்டித் தருகிற கணவாய் ஓடு ஆகிய இவை யாவும், பிராணி சாஸ்திரம் மெல்லுடலிகள் என்று வகுத்திருக்கும் ஒரே பெருங்குலத்தின் மிச்சங்கள். பிறந்தவுடன் பால் தந்ததும் சங்கு, இறந்த பின் தெருக்கோடி வரை முன்னே ஊதிக்கொண்டு போவதும் சங்கு என்று, ஒரு மனிதனின் இரு எல்லைகளிலும் நின்று காவல் புரிகிற அந்த ஓட்டுக்குள்ளே ஒரு பிராணி இருந்ததென்றோ, அது எதைத் தின்று வளர்ந்ததென்றோ விசாரித்தவர் எங்கள் பக்கத்தில் அபூர்வம். புழுவின் கதியோ இன்னும் தாழ்வு. அது வசைச்சொல்லாக மட்டுமே வழங்குகிறது. ஆனால் கடலுக்குள் இறங்கிப் பார்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்திருப்பதை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தால், நாம் பூஜை அறையில் வைத்திருக்கும் சங்கும், நகைப் பெட்டியில் வைத்திருக்கும் முத்தும், நாம் பெயர்கூட வைக்காமல் விட்ட புழுக்களோடு எவ்வளவு நெருங்கிப் பின்னிக் கிடக்கின்றன என்பது விளங்கும். இக்கட்டுரையின் விஷயம் அதுவே.

முதலில் கண்டவர்கள் மூச்சை அடக்கி முங்கியவர்கள். கொற்கையின் முத்துக்குளிப்பு கிறிஸ்து சகாப்தத்தின் தொடக்கத்திலேயே செங்கடல் வழி வந்த கிரேக்க மாலுமிகளின் குறிப்பேட்டில் இடம்பெற்றுவிட்டது. அந்தக் கொற்கை இன்று கடல் பின்வாங்கியதால் உள்நாட்டு ஊராகிவிட, தொழில் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தது. காலில் கட்டிய கல்லின் பாரத்தால் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, ஒரு நிமிஷமோ சற்று அதிகமோ அங்கே தங்கி, இடுப்பு வலையை நிரப்பிக்கொண்டு ஏறிய பரதவரும் முஸ்லிம் குளியாட்களும், கரையிலிருந்து சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லப்பட்ட கடல்கட்டியின் மந்திரத்தை நம்பி இறங்கினார்கள். சிப்பி வாழ்கிற பாறைத்தரைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பார்’. தொலையிரம் பார் போன்ற பெயர்கள் ஆராய்ச்சியாளரின் வரைபடங்களிலும் அப்படியே நின்றுவிட்டன. சங்கு வகைகளை இடம்புரி என்றும் வலம்புரி என்றும், ஐவிரல் சங்கு என்றும் யானைமுள்ளி என்றும் குதிரைமுள்ளி என்றும் பிரித்து அறிந்த கண்கள் அவை. ஆனால் விற்பனைக்கு ஆகாத பிராணியைப் பார்த்து நிற்க ஒரு நிமிஷ மூச்சில் அவகாசம் ஏது? புழுக்களுக்கு அந்த அகராதியில் இடமில்லாமற் போனதற்கு அலட்சியத்தைக் காட்டிலும் மூச்சின் அளவே காரணமாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து வந்தவர்கள் படகில் இருந்தபடி வலைவாளியால் அடித்தரையைச் சுரண்டியும், வற்றத்தின்போது முழங்கால் நீரில் கற்களைப் புரட்டியும் பார்த்த பண்டிதர்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், முத்து, சங்குக் குளிப்புகளையும் வளைகுடாவின் ஜீவராசிகளையும் பற்றி 1890இல் குறிப்புகள் வெளியிட்டார். ஜேம்ஸ் ஹார்னெல் சங்குக்கென்றே 1914இல் ஒரு தனி நூல் எழுதி, தூத்துக்குடித் தோணியில் தொடங்கி வங்காளத்து வளையல் பட்டறை வரை அதன் யாத்திரையைப் பின்தொடர்ந்தார். 1927இல் அதே அருங்காட்சியகம், பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோரப் பிராணிகளை வகை வகையாக விவரிக்கும் தொகுப்பை வெளியிட்டது. தமிழ்நாட்டில் விலங்கியல் படித்த எவரும் மறக்க முடியாத பலனோகிளாசஸ் என்ற பெயரைக் குருசடையோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வைத்த காலம் ஒன்று உண்டு. மணலுக்குள் புதைந்து, தின்ற மண்ணைச் சுருள் சுருளாக வெளியே தள்ளுகிற அந்தப் பிராணி, பார்வைக்குச் சுத்தப் புழு. ஆனால் தொண்டையில் செவுள் துளைகள் வரிசையாக இருப்பதால், முதுகெலும்புள்ள வம்சத்துக்குத் தூரத்து உறவு என்ற கௌரவத்தைச் சாஸ்திரம் அதற்கு அளித்திருக்கிறது. தோற்றத்தால் புழுவாகவும் பிறப்பால் வேறாகவும் இருக்கிற இந்த விசித்திரம், பின்னே வரப்போகும் பல குழப்பங்களுக்கு முன்னோடி.

மூன்றாவது யுகம், 1943இல் பிரான்ஸ் தேசத்துக் குஸ்தோவும் காஞானும் சேர்ந்து அமைத்த, முதுகில் சுமக்கும் காற்றுக் கலத்தோடு பிறந்தது. அதுவரை அடித்தரையிலிருந்து பறித்து மேலே கொண்டுவந்து பார்த்த பிராணியை, இனி அதன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்றாயிற்று. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை ஸ்தாபனம் அனுப்பிய இத்தாலிய நிபுணர் பஸ்கியேரி சால்வதோரி, மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களையும் சங்குப் படுகைகளையும் பற்றித் தந்த அறிக்கை 1960இல் வந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிப் பிரிவைச் சேர்ந்த மகாதேவனும் நாகப்பன் நாயரும், நீருக்கடியில் தாங்களே இறங்கிப் பார்த்த பாறைத்தரைகளையும் அவற்றின் குடிகளையும் வரிசையான கட்டுரைகளாக 1960களில் எழுதினார்கள். இன்று தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் பவளத்திட்டுகளை ஆண்டுதோறும் முங்கிக் கணக்கெடுக்கிறார்கள். நான் கிணற்று நீச்சலோடு நின்றுவிட்ட கரிசல்காட்டான். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியவனுக்குக் காற்றுக்கலம் எட்டாக்கனி. ஆகவே கீழே சொல்லுவது அவர்கள் கண்டதன் சாரம்.

பவளத்திட்டில் இறங்குகிறவரின் கண்ணில் முதலில் படுகிற புழு, புழுவைப் போலவே இராது. உருண்டைப் பாறைபோன்ற பவளத்தின் மேல், ஒரு விரல் நுனி உயரத்தில், நீலமும் மஞ்சளும் சிவப்புமாக இரட்டைச் சுருள் கோபுரங்கள் முளைத்து நிற்கும். கிறிஸ்துமஸ் மரப்புழு என்று உலகெங்கும் பெயர் பெற்றது இது. கோபுரம் எனக் கண்டது அதன் இறகு. மூச்சு விடுவதும் இரை பிடிப்பதும் அதனால்தான். உடலோ பவளத்துக்குள் தானே கட்டிய சுண்ணாம்புக் குழாயில் ஆயுள் முழுவதும் மறைந்திருக்கிறது. தொட்டாற்சுருங்கியாவது தொட்ட பிறகுதான் சுருங்கும். இதுவோ முங்குகிறவனின் நிழல் பட்ட மாத்திரத்திலேயே குழாய்க்குள் மறைந்து மூடியும் போட்டுக்கொள்ளும். விசிறிபோல் இறகை விரித்துத் தோல்குழாயில் நிற்பது மற்றொரு வகை. கல்லிடுக்கில் உடலை ஒளித்து, சேமியா இழைபோன்ற வெண்ணிறக் கைகளை மட்டும் மணல்மேல் பரப்பி உணவுத் துகளை இழுத்துக்கொள்வது வேறொரு வகை. நெருப்புப்புழு எனப்படுவதைக் கையுறை இல்லாமல் தீண்டியவருக்கு, மானாவாரிக் காட்டில் கம்பளிப்பூச்சி பட்ட ஞாபகம் வரும். அதன் பக்கவாட்டு முடிகள் தோலில் முறிந்து நின்று எரிச்சலை உண்டாக்கும். இவை அனைத்தும், கரிசல் விவசாயி நாங்கூழ் என்றும் மண்புழு என்றும் அழைத்து உழவனின் தோழனாக மதிக்கிற அதே வளையப்புழு இனத்தின் கடற்கிளைகள். மண்புழு நிலத்தைப் புரட்டித் தருகிற உபகாரத்தை டார்வின் 1881இல் ஒரு முழு நூலாக எழுதியது பிரசித்தம். கடலடி மணலை இடைவிடாமல் தின்று புரட்டுகிற கடற்கிளைகளுக்கு அப்படிப்பட்ட புகழ் இன்னும் வாய்க்கவில்லை.

மெல்லுடலிகளில், ஓட்டைத் துறந்தவையே முங்குகிறவரின் கண்ணைப் பறிக்கின்றன. நியூடிபிராங்க் எனப்படும் ஓடில்லாக் கடல்நத்தை, செவுளைப் பூங்கொத்துப்போல் முதுகின் பின்புறத்தில் திறந்து வைத்துக்கொண்டு, தலையில் இரு சிறு கொம்புகளோடு, கடற்பஞ்சின் மேல் மெதுவாக ஊர்ந்து போகும். ஓடு போன பிறகு அதைக் காப்பது என்ன? கடற்பஞ்சின் விஷத்தைத் தின்று தன் தோலில் சேமித்துக்கொள்ளும் வித்தைதான். அதன் வர்ணம், தின்றால் கெடுவாய் என்று மீனுக்கு அது விடுக்கும் எச்சரிக்கை. பக்கத்திலேயே அதே வர்ணங்களோடு இலைபோல் மெலிந்த ஒன்று அலையலையாக நீந்திப் போகுமானால் அது நத்தை அன்று, தட்டைப்புழு. முதுகில் செவுள் கொத்து உண்டா இல்லையா என்று பார்ப்பதே இரண்டையும் பிரித்தறியும் எளிய பரீட்சை. புழுவும் நத்தையும் இப்படி ஒன்றன் வேஷத்தை மற்றொன்று போடுவது இங்கே மட்டுமன்று. தோணியின் பலகையை உள்ளுக்குள்ளேயே சல்லடையாக்குகிற கப்பல்புழு உண்மையில் புழுவே அன்று. உடல் நீண்டு ஓடு சுருங்கி, அந்த ஓட்டையே மரந்துருவும் அரமாக்கிக்கொண்ட ஒரு சிப்பி. மறுபுறம், பாறையில் ஒட்டிக் கோணல்மாணலாகச் சுண்ணாம்புக் குழாய் கட்டுகிற சில பிராணிகளைப் புழுவென்று நினைத்து உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது நத்தை.

இந்தக் குழப்பம் கண்ணின் பிழை மட்டுமன்று, உறவின் அடையாளமும் ஆகும். வளையப்புழுவின் குஞ்சும் மெல்லுடலியின் குஞ்சும், முட்டையிலிருந்து வெளிப்பட்ட தொடக்கத்தில், இடுப்பில் மயிரிழை வளையம் சுழல நீரில் மிதக்கிற ஒரே பம்பர வடிவத்தில் இருப்பதைக் கருவியல் நிபுணர் கண்டு, இரண்டும் ஒரு பழங்குடியிலிருந்து பிரிந்த கிளைகள் என்று முடிவு செய்தார்கள். தெருவில் பம்பரம் விடுகிற கோவில்பட்டிச் சிறுவனிடம் அந்தக் குஞ்சின் படத்தைக் காட்டினால் பெயர் சொல்லிக்கொடுக்க வேண்டியிராது.

இனி, இவ்விஷயத்தின் மையமான முத்துக்கு வருவோம். சுவாதி நட்சத்திரத்தில் பெய்கிற மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பது நம் பழைய நம்பிக்கை. மழையை நம்பியே விதைக்கிற எங்கள் பக்கத்தில் அந்த நம்பிக்கை வேரூன்றியதில் ஆச்சரியமில்லை. முத்தும் மானாவாரி விளைச்சல்தானே என்று தோன்றியிருக்கும். இலங்கையில் 1850களின் இறுதியில் முத்துச்சிப்பிகளை ஆராய்ந்த கேலார்ட் என்ற இயற்கைவாதி, மழைத்துளியின் ஸ்தானத்தில் புழுவை வைத்தார்: சிப்பியின் உடலில் குடியேறும் ஒட்டுண்ணிப் புழுக்களே முத்து விளையக் காரணம் என்பது அவர் கருத்து. 1902இல் இலங்கை வந்த பேராசிரியர் ஹெர்ட்மனும், அவரோடு துணைக்கு வந்து பின்னர் சென்னை மாகாணத்துக்குப் பெயர்ந்த ஹார்னெலும் அந்தக் கருத்தைப் புதுப்பித்து, சிப்பியின் சதையில் உறையும் நாடாப்புழுக் குஞ்சுதான் நல்முத்தின் கரு என்று வாதித்தார்கள். அந்தப் புழுவுக்கு ‘முத்தாக்கி’ என்று பொருள்படும் லத்தீன் பெயரே சூட்டப்பட்டது. சிப்பியைத் தின்னும் திருக்கை மீனின் குடலில் புழு முதிர்கிறது, அங்கிருந்து மீண்டும் சிப்பிக்குத் திரும்புகிறது என்பது அவர்களது கொள்கை. அப்படியானால் திருக்கையைக் கொன்று தீர்த்தால் முத்தும் அற்றுப்போகும்! சத்துருவே உபகாரியாகிற இந்தச் சங்கிலி அக்காலத்து அறிஞர் பலரை மயக்கிற்று.

ஆனால் லிஸ்டர் ஜேம்ஸன் என்பவர் 1912இல் இதை வன்மையாக மறுத்தார். சதையில் புழு இருப்பது மெய். முத்தின் கருவில் அது இருப்பதற்குச் சாட்சி போதாது என்பது அவர் வாதம். வழக்குக்குத் தீர்ப்பு, எதிர்பாராத விதமாக, ஆராய்ச்சிப் பண்டிதரிடமிருந்து வராமல் முத்து வளர்ப்புத் தொழிலிலிருந்து வந்தது. சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தசைப்போர்வையில் ஒரு துணுக்கை வெட்டி, ஓட்டால் செய்த சிறு மணியோடு சேர்த்து வேறொரு சிப்பிக்குள் வைத்தால், அந்தத் துணுக்கின் செல்கள் பெருகி மணியைச் சுற்றிப் பையாக மூடி முத்துப்பொருளைச் சுரக்கின்றன என்று ஜப்பானியர் கண்டார்கள். தூத்துக்குடிக்கு அருகே கரிசல் பூமி உப்பளமாக மாறுகிற வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து அழகர்சுவாமி 1973இல் இம்முறையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தார். ஆகவே முத்தை ஆக்குவது புழுவன்று, சிப்பியின் தோல்; புழுவோ வேறெதுவோ அந்தத் தோலின் செல்களை உள்ளே தள்ளிவிடுகிற நிமித்தம் மட்டும். சுவாதி மழையும் நாடாப்புழுவும் சேர்ந்தே தோற்றன என்று இதைச் சிலர் முடிப்பதுண்டு. எனக்கு அது அவசரத் தீர்ப்பாகப் படுகிறது. ஏனெனில் அதே வேப்பலோடைப் பண்ணையில் சிப்பிகளுக்கு நேர்ந்த உபத்திரவங்களில் முக்கியமான ஒன்று, பாலிடோரா என்ற சிறு வளையப்புழு ஓட்டைத் துளைத்துக் குடிபுகுந்தது. துளை உட்புறத்தை எட்டியதும் சிப்பி அந்த இடத்தை முத்துப்பொருளால் பூசிப் பூசி மூடுகிறது. ஓட்டின் உட்சுவரில் கொப்புளம் எழும்புகிறது. வட்டமான நல்முத்து ஆகாவிட்டாலும், புழுவுக்குச் சிப்பி தருகிற விடை முத்துப்பொருள்தான் என்பதற்கு அந்தக் கொப்புளம் பிரத்தியட்ச சாட்சி.

சங்கின் விஷயத்தில் புழுவின் பங்கு இன்னும் நேரானது. மணலில் பாதி புதைந்து, கம்பளம் போர்த்ததுபோன்ற பழுப்புத்தோலால் வெண்மையை முழுதும் மறைத்துக்கொண்டு, ஒரே திசையில் நிதானமாக நகர்ந்து போகிற சங்குப்பூச்சி பெரும்பாலும் தின்பது, மணலுக்குள் குழாய் கட்டி வாழ்கிற அந்தச் சேமியாக் கைப் புழுக்களையும் அவற்றின் சுற்றத்தையும்தான். புழு செழித்த மணலில் சங்கு செழிக்கும். புழு அற்ற இடத்தில் சங்கைத் தேடிப் பயனில்லை. பாஞ்சசன்யம் என்று புராணம் போற்றிய அந்த வெண்மை புழுவை உண்டு விளைந்த வெண்மை என்பதை அறிந்தால் பக்தர் மனம் சுளிக்கலாம். சேற்றில் பூத்த தாமரையை ஏற்றுக்கொண்டவர்களுக்கு இது பெரிய காரியமல்ல. தாய்ச்சங்கு மணலில் நட்டுவைக்கும் முட்டைக்கூடு, ஆட்டுக்கடாவின் கொம்புபோல் வளைந்து அறை அறையாக அமைந்தது. அதிலிருந்து வெளிப்படும் குஞ்சு மற்ற மெல்லுடலிக் குஞ்சுகளைப்போல் நீரில் மிதந்து திரிவதில்லை. முழுச் சங்கின் உருவத்தோடு பிறந்த இடத்திலேயே ஊரத் தொடங்குகிறது. முத்துச்சிப்பியின் குஞ்சோ நாள்கணக்கில் நீரோட்டத்தோடு அலைந்து, வாய்த்த இடத்தில் ஒட்டும். முத்துக்குளிப்பு நினைத்தாற்போல் பல்லாண்டு பொய்த்ததற்கும், 1955 தொடங்கி ஆண்டுதோறும் நடந்த தூத்துக்குடிக் குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனதற்கும், சங்குக்குளிப்பு மட்டும் தொடர்ந்து நடந்துவந்ததற்கும் இந்த வேற்றுமை ஒரு முக்கியக் காரணம். ஆனால் இதே குணத்தால், ஒரு படுகையை முற்றிலும் வாரிவிட்டால் வேறிடத்துக் குஞ்சு மிதந்து வந்து அதை நிரப்பாது.

வாரும் வேகமும் மாறியிருக்கிறது. மூச்சடக்கிய காலம் போய், படகில் ஓடும் கம்பிரஸரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியே காற்றை உறிஞ்சியபடி மணிக்கணக்கில் அடியில் நடந்து இன்றைய குளியாட்கள் சங்கு பொறுக்குகிறார்கள். ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், அவசரமாக மேலே ஏறும்போது குமிழியாகி நரம்பையும் மூட்டையும் தாக்குகிறது; அவர்களில் கால் மடங்கியவர்களும் உயிர் விட்டவர்களும் உண்டு. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை நெடுங்காலம் வெட்டியெடுத்ததன் விளைவாக, தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே எண்ணப்பட்ட 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் மறைந்தன. 1986இல் இத்தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, வெகுகாலம் கழித்துப் பாறை வெட்டுவது ஓய்ந்தபோதிலும், 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. பவளம் மடிந்தால் அதில் குழாய் கட்டிய மரப்புழுவுக்குப் புதிய வீடு இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 2001இல் நாட்டிலஸ் முதலிய பல மெல்லுடலிகளைச் சேர்த்தார்கள். புழு ஒன்றுக்கும் அதில் இடம் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் வருஷந்தோறும் பிள்ளைகளை அருவிக்கும் அணைக்கட்டுக்கும் அழைத்துப் போகின்றன. ஒரு வருஷமாவது, கடல் வற்றுகிற காலைநேரம் பார்த்து, பஸ்ஸை மேற்கே விடாமல் கிழக்கே சிப்பிகுளத்துக்கோ வேம்பாருக்கோ விடும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முங்க வேண்டியதில்லை, கணுக்கால் நீரே போதும். மணலில் சுருள் சுருளாகக் கிடக்கும் புழுக்கழிவையும், கல்லடியில் ஒட்டிய சுண்ணாம்புக் குழாய்களையும், ஓட்டுக்குள் இன்னும் உயிரோடிருக்கும் நத்தையையும் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்வார்கள். புரட்டிப் பார்த்த கல்லை மட்டும், எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே திரும்ப வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.